கல்லறைத் தோட்டங்களைப் பராமரிக்கிறவர்களுக்கு: பதிவேட்டைக் கொஞ்சம் வாசலுக்குக் கொண்டுவாருங்கள்

வணக்கம்.

கல்லறைத் தோட்டம், இடுகாடு, மையவாடி என்று உங்கள் இடத்துக்கு என்ன பெயர் இருந்தாலும் சரி, அதை நடத்துவது நகராட்சியோ தேவாலயமோ பள்ளிவாசலோ தனியார் அறக்கட்டளையோ யாராக இருந்தாலும் சரி, இந்த மடல் உங்களுக்குத்தான். முன்னோர்களைப் புதைத்த இடங்களைத் தேடித் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்களில் நானும் ஒருத்தி. எங்களைப் போன்றவர்கள் எண்ணிக்கையில் எவ்வளவு என்று தெரியாது, ஆனால் உங்கள் காவலாளியைக் கேட்டால் அடையாளம் சொல்லிவிடுவார்: கையில் ஒரு பழைய போட்டோ, ஒரு தாள், காலில் சேறு, வரிசை வரிசையாகக் குனிந்து குனிந்து படித்துக்கொண்டே போவார்கள்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுவலக பீரோவுக்குள் இருக்கும் அடக்கப் பதிவேட்டின் நகல் ஒன்றையும், நிலத்தின் வரைபடம் ஒன்றையும், எந்த நேரத்தில் வருகிறவரும் பார்க்கும்படி வாசலில் வையுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம், நடுநடுவே கொஞ்சம் புலம்பலும் வரும்.

முதலில் எங்கள் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தப் பயணத்துக்கு யாரும் துணைக்கு வரமாட்டார்கள். கூப்பிட்டால் "அங்கே போய் என்ன பார்க்கப்போகிறாய்" என்பார்கள், இல்லையென்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு லீவு கிடைக்கவில்லை என்பார்கள். வழி தெரிந்த கடைசிப் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்திருப்பார். மிச்சமிருப்பது இறப்புச் சான்றிதழில் ஒரு வரி, பாதிக் கல் மட்டும் தெரிகிற ஒரு கறுப்பு வெள்ளைப் படம், "பின்சுவர் ஓரம், மரத்துக்குப் பக்கத்தில்" என்று எப்போதோ யாரோ சொன்ன ஒரு குறிப்பு. அந்த மரம் இருக்காது. சில சமயம் அந்தச் சுவரே இருக்காது. இதை வைத்துக்கொண்டுதான் ஒரு வார இறுதியில் நாலு இடத்தைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்புகிறோம். வேலைக்குப் போகிற ஆட்களுக்கு வார இறுதியை விட்டால் வேறு நாள் கிடையாது, உங்கள் அலுவலகமோ திங்கள் முதல் வெள்ளி வரை. இந்த இரண்டு கால அட்டவணையும் சந்தித்துக்கொள்ளவே செய்யாது என்பது யாருக்கும் உறைத்த மாதிரி தெரியவில்லை.

ஒரு இடத்தில் கேட் போர்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பூட்டிய அலுவலகத்துக்குள்ளே மணி அடிப்பது எனக்கே கேட்டது. அதே போர்டில் என்னென்ன செய்யக்கூடாது என்று ஒரு நீளப் பட்டியல் இருந்தது: நாய் கூடாது, பந்து கூடாது, பூ பறிக்கக் கூடாது, படம் எடுக்க முன் அனுமதி வேண்டும். உள்ளே யார் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஆயிரக்கணக்கான கல் இருக்கிற இடத்தில், பகுதிக்கு எழுத்தும் இல்லாமல் வரிசைக்கு எண்ணும் இல்லாமல், ஒரே ஒரு பெயரைத் தனி ஆளாகத் தேடுவது எப்படி இருக்கும் என்று ஒரு நாள் நீங்களே செய்து பாருங்கள். இரண்டு பேர் என்றால் ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக்கொள்ளலாம். தனியாக வந்தவர் ஒரு வரிசையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள், முதல் வரிசையில் கடைசிக் கல்லைப் பார்த்தோமா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிடும்.

இது முடியாத காரியம் ஒன்றும் இல்லை. நூறு வருஷமாக ஒரு நிறுவனம் செய்துகொண்டிருக்கிறது. 1917-ல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் இரண்டு உலகப் போர்களில் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் நினைவை 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பராமரிக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டங்கள் பலவற்றில் நுழைவாயில் பக்கம் சுவருக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டி பதித்திருப்பார்கள், அதற்கு ஒரு உலோகக் கதவு. திறந்தால் உள்ளே பதிவேடு: பெயர்கள் அகர வரிசையில், ஒவ்வொன்றுக்கும் எதிரே பகுதி, வரிசை, கல்லறை எண், கூடவே நிலத்தின் வரைபடம். அலுவலகம் இல்லை, ஆள் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கதவைத் திறந்து, விரலால் பெயரைத் தேடி, நேராக அந்தக் கல்லின் முன்னால் போய் நிற்கலாம். வந்து போனவர்கள் எழுத ஒரு வருகைப் புத்தகமும் வைத்திருப்பார்கள், அதில் வேறு யாரோ ஒரு பேத்தி எழுதிவிட்டுப் போனதைப் படிப்பதே ஒரு தனி அனுபவம். போரில் இறந்தவர்களுக்கு ஒரு அரசாங்க ஏற்பாடு இருந்தது, காசு இருந்தது, சரி. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது வெறும் காகிதம்தானே, அதற்கு எவ்வளவு காசு ஆகிவிடும்?

"பதிவேடே ஒழுங்காக இல்லை, எதை வைப்பது" என்று சில நிர்வாகிகள் சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். கரையான் தின்றிருக்கும், மழையில் நனைந்திருக்கும், பழைய எண்ணும் புது எண்ணும் குழம்பியிருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் எப்படியும் ஒரு மனிதர் இருப்பார், குழி தோண்டுகிறவராகவோ புல் வெட்டுகிறவராகவோ, முப்பது நாற்பது வருஷமாக அங்கேயே இருப்பவர். வம்சப் பெயரைச் சொன்னால் போதும், பேச்சே இல்லாமல் முன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவார். ஒருவர் என்னை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் கையில் இருந்த குச்சியால் இடமும் வலமும் தட்டிக்கொண்டே "இது வாத்தியார் குடும்பம், இது ரெண்டு பொண்டாட்டிக்காரர், இங்கே கல் இல்லை ஆனால் ஆள் உண்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கல் இல்லை ஆனால் ஆள் உண்டு. எந்தப் பதிவேட்டில் அது இருக்கிறது? அவர் ஓய்வு பெற்றுப் போகிற அன்று அந்த வரைபடம் மொத்தமும் அவரோடு போய்விடும். தயவுசெய்து இந்த வருஷமே அவரோடு ஒரு இளவட்டத்தை அனுப்பி, ஒவ்வொரு வரிசையாக நடக்கவிட்டு, அவர் சொல்வதை எல்லாம் போனில் பதிவு செய்யுங்கள். அவருக்கு அதற்குத் தனிச் சம்பளமும் கொடுங்கள்.

பதிவேட்டை வெளியே வைத்தால் விஷமிகள் வருவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. அமெரிக்காவில், நியூ ஆர்லியன்ஸில் இருக்கிற செயின்ட் லூயி முதலாம் கல்லறைத் தோட்டத்தில் நாசவேலை அதிகமாகி, 2015 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே பொதுமக்கள் உள்ளே போகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் அங்கேயும் குடும்பக் கல்லறை வைத்திருப்பவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். கல்லை உடைக்க வருகிறவனுக்குப் பதிவேடு தேவைப்படாது, கண்ணில் பட்ட கல்லை உடைத்துவிட்டுப் போய்விடுவான். பதிவேடு தேவைப்படுவது ஒரு பெயரைத் தேடி வருகிறவருக்கு மட்டும்தான். அண்மையில் இறந்தவர்களின் விவரத்தை வெளியே போடச் சங்கடமாக இருந்தால் அதை விட்டுவிட்டு, ஐம்பது வருஷத்துக்கு முந்தையதை மட்டும் வையுங்கள். நாங்கள் தேடுவது பெரும்பாலும் அந்தப் பக்கங்களைத்தான்.

அடுத்தது கற்கள். இதில் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே கெட்ட எண்ணமே இல்லாமல் நடக்கிற சேதம்தான் அதிகம். சுத்தம் செய்கிறேன் என்று ப்ளீச் ஊற்றுவது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது, பிரஷர் வாஷரால் அடிப்பது. பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் அமிலம் பட்டால் கரையும், மழைநீரில் இருக்கிற லேசான அமிலத்துக்கே நூறு வருஷத்தில் எழுத்து மழுங்கிப்போகிறது, அதன் மேல் கழிவறை கழுவுகிற ஆசிடை ஊற்றினால் என்ன மிஞ்சும்? மணற்கல் அடுக்கடுக்காக உரியும், பெயர் இருக்கிற மேல் அடுக்குதான் முதலில் போகும். ப்ளீச்சின் உப்பு கல்லுக்குள் இறங்கி, காய்ந்து, உள்ளிருந்தே கல்லைப் பொரியவைக்கும். தண்ணீரும் மென்மையான பிரஷும் பொறுமையும் போதும், பாசி பிடித்திருந்தால் மரக்குச்சியால் மெதுவாக எடுக்கலாம், எடுக்காமல் விட்டாலும் குடி முழுகிவிடாது. எங்கள் ஆட்களிலும் சிலர் எழுத்து தெரியவேண்டும் என்று சாக்பீஸ், மாவு, ஷேவிங் கிரீம் எல்லாம் பூசுகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், நிறுத்துங்கள்.

மங்கிய எழுத்தைப் படிக்க வெளிச்சம் போதும். நேராக அடிக்கிற வெயிலில் வெறும் கல்லாகத் தெரிவது, வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து சாய்ந்து விழுந்தால் எழுத்தாக எழுந்து நிற்கும். அதனால்தான் நான் காரில் முகம் பார்க்கிற உயரக் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறேன். கல்லுக்குப் பக்கவாட்டில் அதைச் சாய்த்து வைத்து, வெயிலைப் பிடித்துக் கல்லின் முகத்தில் உரசினாற்போல் ஓடவிட்டால், பள்ளங்களில் நிழல் விழும். என் பூட்டியின் கல்லில் வருஷம் மட்டும்தான் தெரிந்தது, கண்ணாடி வைத்ததும் பெயரின் முதல் இரண்டு எழுத்து வந்தது, கோணத்தைக் கொஞ்சம் மாற்றியதும் அதற்குக் கீழே யாரும் எனக்குச் சொல்லியிராத ஒரு வரி: குழந்தையுடன். ஒரே நாளில் இருவர். வீட்டில் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு பேச்சுகூட இருந்ததில்லை. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே படமும் எடுக்க எனக்கு மூன்றாவது கை இல்லாததால் அந்த இடத்துக் காவலாளிதான் பிடித்துக்கொண்டார், அவருக்கு நன்றி. இதை வாசலில் ஒரு சின்ன அறிவிப்பாக எழுதிவைத்தால் பாதிப் பேர் மாவு பூசுவதை விட்டுவிடுவார்கள்.

ஆடுகிற கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல் சரிந்து ஆள் மேல் விழும் என்பது உண்மையான ஆபத்து, பிரிட்டனில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதன் பிறகு அங்கே பல உள்ளாட்சிகள் ஒவ்வொரு கல்லையும் தள்ளிச் சோதித்து, ஆடுவதைப் படுக்கவைத்தார்கள், அதற்குக் குடும்பங்களிடமிருந்து எதிர்ப்பும் வந்தது. படுக்கவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முகம் மேலே இருக்கும்படி வையுங்கள் ஐயா. பெயர் மண்ணைப் பார்த்தபடி கவிழ்ந்து கிடக்கிற கல்லைத் தனி ஒருத்தியால் புரட்டவும் முடியாது, புரட்டவும் கூடாது. முகம் மேலே இருந்தால் மழை நிற்குமே என்பீர்கள், லேசாகச் சாய்வு கொடுத்தால் வடிந்துவிடும், அதோடு முதலிலேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லையே எடுத்துவிடுகிற விஷயத்துக்கு வருகிறேன். நிலம் எல்லா இடத்திலும் பற்றாக்குறைதான், என் பூட்டனுக்காக ஆயிரம் வருஷம் இடத்தைப் பூட்டிவையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஜெர்மனியில் கல்லறை இடம் பொதுவாக 20, 30 வருஷத்துக்குத்தான், புதுப்பிக்காவிட்டால் சமன் செய்துவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுப்பார்கள். சிங்கப்பூரில் 1998 முதல் அடக்கத்துக்கு 15 வருஷம்தான். பிரான்ஸில் நிரந்தரம் என்று வாங்கிய இடத்தைக்கூட, 30 வருஷம் கடந்து, கடைசி 10 வருஷத்தில் யாரையும் புதைக்காமல், கவனிப்பாரின்றிக் கிடந்தால், முறைப்படி அறிவித்துவிட்டு ஊராட்சி திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அறிவிப்பைப் பெரும்பாலும் கல்லறையிலும் வாசலிலும் ஒட்டுவார்கள். அதைப் பார்க்கவேண்டிய ஆள், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, எட்டு மணி நேரம் வண்டி ஓட்டி வரப்போகிறவர். அவர் வருவதற்குள் அந்தத் தாளே கிழிந்து போயிருக்கும்.

அப்போ என்ன செய்வது? சிங்கப்பூரிலேயே புக்கிட் பிரவுன் என்று ஒரு இடம் இருக்கிறது. 1922-ல் திறந்து 1973-ல் மூடப்பட்ட சீனக் கல்லறைத் தோட்டம், சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். நடுவே சாலை போட 2011-ல் முடிவெடுத்தார்கள், எதிர்ப்பு பலமாக இருந்தது, சாலையும் வந்தது. ஆனால் தோண்டுவதற்கு முன்னால், பாதையில் வந்த 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகளையும் படம் பிடித்து, பொறிப்புகளைப் பதிவு செய்தார்கள். நிலம் போனதை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை, அந்த விவாதத்தில் எனக்கு வேறு கருத்து உண்டு. எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் எப்படி எடுப்பது என்பதற்கு மட்டும் சொல்கிறேன். கல்லுக்கு ஒரு படம், பொறிப்பு முழுவதும் எழுத்தில், இடம், அப்புறம் எலும்புகள் எங்கே கொண்டுபோகப்பட்டன என்று ஒரு வரி. அந்த வரி இல்லாததால் சமன் செய்த ஒரு புல்வெளியைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

காகிதம் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து இருக்கிறது. 1922 ஜூன் 30-ம் தேதி, உள்நாட்டுப் போரில், டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதியும், பாதுகாப்புக்காக அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்த ஏராளமான அயர்லாந்து திருச்சபைப் பதிவேடுகளும் போயின. இன்றைக்கும் அந்த வம்சாவளிக்காரர்களில் பலருக்கு மிஞ்சியிருக்கிற ஒரே ஆதாரம் கல்லறைக் கல்தான். நகல் எடுத்து இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

தனியார் நிலத்துக்குள் சிக்கிக்கொண்ட கல்லறைகள் இன்னொரு தலைவலி. நிலம் கைமாறி, வேலி போட்டு, நடுவில் நாலு கல் நிற்கும். புது உரிமையாளருக்கு நாங்கள் அத்துமீறி நுழைகிறவர்கள், எங்களுக்கு அவர் வழிமறிக்கிறவர். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் இதற்குச் சட்டமே வைத்திருக்கிறது: குடும்பத்தாரும் வாரிசுகளும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு நியாயமான நேரத்தில் வந்து போக நில உரிமையாளர் வழிவிட வேண்டும், வருகிறவர்களால் சேதம் ஏற்பட்டால் அது அவர்கள் பொறுப்பு. இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற ஏற்பாடு. சட்டம் இல்லாத இடத்தில்கூட, நிலத்தை விற்கும்போது பத்திரத்தில் அந்த வழியை ஒரு வரியாக எழுதச் சொல்ல நிர்வாகிகளான உங்களால் முடியும்.

இணையத்தில் எல்லாம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: கல்லறை விவரங்களைத் திரட்டுகிற ஃபைண்ட் எ கிரேவ் தளம் 1995-லிருந்து இருக்கிறது, அதே மாதிரியான பில்லியன்கிரேவ்ஸ் கல்லின் படத்தோடு அது நிற்கும் இடத்தையும் பதிகிறது, முன்பின் தெரியாத யாரோ தங்கள் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து எடுத்த படத்தால் எத்தனையோ பேருக்கு வழி கிடைத்திருக்கிறது, எனக்கும்தான். ஆனால் படத்தில் ஒரு கல் மட்டும்தான் இருக்கும். அதற்குப் பக்கத்தில் யார், காலடியில் யார், ஏன் ஒரே வீட்டுக்காரர்களில் ஒருவர் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறார், இதெல்லாம் நேரில் போய் நின்றால்தான் தெரியும். உங்கள் வரைபடத்துக்கும் அது தெரியும்.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். கேட்டை எப்போது பூட்டுவீர்கள் என்று கேட்டிலேயே பெரிதாக எழுதுங்கள், பூட்டுவதற்கு முன் ஒரு சுற்று வந்து குரல் கொடுங்கள், உள்ளே மாட்டிக்கொண்டு சுவரேறிக் குதிப்பது எல்லா வயதிலும் முடிகிற காரியம் இல்லை. ஒரு தண்ணீர்க் குழாய். முடிந்தால் ஒரு கழிவறை, நீண்ட தூரம் ஓட்டி வந்த பெண்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் போடச் சொல்வார்கள். தனியாக வந்து ஒரு கல்லின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் "கூட யாரும் வரலையா" என்று மூன்று தடவை கேட்காதீர்கள். ஒரு தடவை போதும், அதற்கே என்னிடம் சரியான பதில் கிடையாது.

பதிவேட்டைப் படம் பிடிக்க, கற்களை வரிசைப்படுத்தி எழுத, வரைபடம் வரைய ஆள் இல்லை என்றால், எங்களிடம் இருக்கிறார்கள். இந்த வேலைக்குக் காசு வாங்காமல் வரத் தயாராக இருக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் தேறுவார்கள், நானும் வருகிறேன், கண்ணாடி என்னிடமே இருக்கிறது. யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை மட்டும் அந்தக் கூடாது கூடாது போர்டுக்குக் கீழே ஒரு வரி எழுதிவையுங்கள். எடுக்க ஆள் இருக்கிற போன் எண்ணாக இருக்கட்டும்.